லீட்ஸில் தனி ஃபிளாட்டா, ஷேர் வீடா? குளிர் வருவதற்குள் முடிவு செய்ய வேண்டும்

மலைக்கோட்டை:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷெஃபீல்டில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு கிராஜுவேட் விசாவில் (படிப்பு முடித்தவர்கள் இங்கே வேலை பார்க்கத் தருவது) இருக்கிறேன். வயது 26. லீட்ஸில் டேட்டா அனலிஸ்ட் வேலை கிடைத்துச் சேர்ந்தாயிற்று, புரொபேஷன் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போதைக்கு ஷெஃபீல்டில் தோழி வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு தினமும் ரயிலில் போய் வருகிறேன். தோழி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவளுடைய ஹவுஸ்மேட் பாத்ரூம் கதவைச் சாத்துகிற சாத்தலிலேயே விஷயம் புரிகிறது. இந்த அக்டோபர் முடிவதற்குள் லீட்ஸுக்குக் குடிபோயாக வேண்டும்.

இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, ஹெடிங்லி பக்கம் ஐந்து பேர் இருக்கிற வீட்டில் ஓர் அறை. மாதம் 620 பவுண்டு, கரண்ட், கேஸ், தண்ணீர், இன்டர்நெட், கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) எல்லாம் அதிலேயே அடங்கும். இன்னொன்று, ஆர்ம்லியில் ஒரு பெட்ரூம் ஃபிளாட், 875 பவுண்டு, பில் எல்லாம் தனி. வரி, நேஷனல் இன்ஷூரன்ஸ், பென்ஷன் பிடித்தம் போக கைக்கு வருவது மாதம் 2,100 பவுண்டு சுமார். அதில் ஊரில் கல்விக் கடன் தவணை 40,000 ரூபாய் போக வேண்டும்.

படிக்கும்போது ஹாஸ்டல் மாதிரி இருந்ததால் ஒரே கட்டணம், ஹீட்டர் தானாக ஓடும், பில் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. இப்போதுதான் முதல் முறையாக இதையெல்லாம் யோசிக்கிறேன். அம்மா, "தனியா மட்டும் இருக்காத" என்கிறார். அப்பா, "பசங்க இருக்கிற வீடு வேண்டாம்" என்கிறார். இரண்டையும் சேர்த்தால் இங்கிலாந்தில் எனக்கு வீடே இல்லை. சமையல் வேறு. நான் தினமும் சமைக்கிறவள், தாளித்தால்தான் சாப்பாடு இறங்கும். ஐந்து பேருக்கு ஒரே கிச்சன் என்றால் எப்படி?

இங்கே சில வருடங்களாக இருப்பவர்கள், முக்கியமாக வடக்குப் பக்கம் இருப்பவர்கள், என்ன செய்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

நைட் ஷிப்ட்:

நான் லீட்ஸில் நர்ஸ். வாடகையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். அந்த வீடு ஜனவரியில் எப்படி இருக்கும் என்று கண்டுபிடியுங்கள், அதற்கு அக்டோபரிலேயே வழி இருக்கிறது.

ஆர்ம்லி ஃபிளாட்டில் ஹீட்டிங் எது என்று முதலில் கேளுங்கள். கேஸ் பாய்லரா, எலெக்ட்ரிக் ஹீட்டரா? கரண்ட் ஒரு யூனிட் விலை கேஸைப்போல கிட்டத்தட்ட நாலு மடங்கு வருகிறது. எலெக்ட்ரிக் ஹீட்டர் இருக்கிற பழைய ஃபிளாட்டைத் தனி ஆளாக எடுத்தால் ஒன்று பில் கட்டியே தேய்வீர்கள், அல்லது ஹீட்டரைப் போடாமல் கோட்டு போட்டுக்கொண்டு சோறு சாப்பிடுவீர்கள். இரண்டாவது வகைதான் நம்மவர்களில் அதிகம். வீட்டின் எனர்ஜி சான்றிதழை அரசாங்க இணையதளத்தில் போஸ்ட்கோடு போட்டு இலவசமாகப் பார்க்கலாம், ஏ முதல் ஜி வரை மதிப்பெண் இருக்கும். பொதுவாக ஈ-க்குக் கீழே இருந்தால் வாடகைக்கு விடவே கூடாது. ஈ என்றாலே நான் யோசிப்பேன்.

பார்க்கப் போகும்போது அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தி, வெளிச்சுவர்ப் பக்கம் புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று ஈரமாக ஒட்டுகிறதா? ஜன்னல் ஓரத்து ரப்பரில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாக இருக்கிறதா? ஒரு சுவர் மட்டும் புதிதாக வெள்ளையடித்திருக்கிறதா? புது பெயின்ட் வாசனை வந்தால் சந்தோஷப்படாதீர்கள், எதை மறைக்க அடித்தார்கள் என்று யோசியுங்கள். பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றுகிறதா என்று ஒரு டிஷ்யூ பேப்பரை அதன் முன்னால் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆர்ம்லி, ஹேர்ஹில்ஸ், ஹெடிங்லி எல்லாம் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள் நிறைந்த இடம், இங்கே "பேக் டு பேக்" என்பார்கள். மற்ற ஊர்களில் எல்லாம் 1909 சட்டத்தோடு நின்றுபோன வகை, லீட்ஸில் மட்டும் 1930கள் வரை கட்டிக்கொண்டே இருந்தார்கள். பின்சுவர் அடுத்த வீட்டுடையது, அதனால் ஒரு பக்கம் மட்டும்தான் ஜன்னல். சுற்றிலும் வீடு இருப்பதால் சூடு தங்கும், அது ஒரு வசதி. ஆனால் காற்று குறுக்கே போகாது. துணியை உள்ளேயே ரேடியேட்டரில் போட்டு உலர்த்தினால் சுவர் முழுக்கப் பூஞ்சை. வெயில் நாளில் தெருவுக்குக் குறுக்கே கொடி கட்டித் துணி போடுவதை அங்கே பார்க்கலாம், நம்ம ஊர் ஞாபகம் வரும், ஆனால் அது ஜூனில்.

ஷேர் வீட்டில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: தெர்மோஸ்டாட் (ஹீட்டிங்கைக் கூட்டிக் குறைக்கும் கருவி) யார் கையில்? பில் வாடகையிலேயே அடக்கம் என்கிற பல வீடுகளில் வீட்டுக்காரர் தன் போனிலிருந்தே ஹீட்டிங்கை நடத்துவார். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம், 18 டிகிரி, அவ்வளவுதான். என்னைப்போல பகலில் தூங்குகிறவர்களுக்கு அது சித்திரவதை. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்கள் உங்களுக்கு இருந்தால் உங்களுக்கும்தான்.

கணக்குப்பிள்ளை:

மேலே அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் காசைப் பற்றி மட்டும் பேசுகிறேன், அது என் வியாதி.

875 என்பது 875 இல்லை. கவுன்சில் டாக்ஸ் சேருங்கள். சின்ன ஃபிளாட், வரி மிகக் குறைந்த ஏ பேண்டாகத்தான் இருக்கும், தனியாக இருப்பவர்களுக்கு 25 சதவீதம் தள்ளுபடி உண்டு (அதற்கு நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும், அவர்களாகத் தர மாட்டார்கள்). அப்படியும் மாதம் நூறை ஒட்டி வரும். வழக்கமாகப் பத்து தவணையாகப் பிரிப்பார்கள், கேட்டால் பன்னிரண்டாக மாற்றித் தருவார்கள். கரண்ட், தண்ணீர், இன்டர்நெட் சேர்த்தால் குளிர்காலத்தில் மொத்தம் 1,150 பக்கம் போய் நிற்கும். 620-க்கும் அதற்கும் வித்தியாசம் 500 பவுண்டுக்கு மேல். கல்விக் கடன் தவணையைக் கட்டிவிட்டு மிச்சமும் வைக்கலாம்.

மிச்சம் வைப்பதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கிராஜுவேட் விசாவை நீட்டிக்க முடியாது. அது முடியும்போது, கம்பெனி ஸ்பான்சர் செய்கிற ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். அரசு மருத்துவத்துக்கான ஹெல்த் சர்சார்ஜ் மட்டும் வருடத்துக்கு 1,035 பவுண்டு, மூன்று வருட விசா என்றால் 3,105 பவுண்டை ஒரே தடவையில் முன்கூட்டியே கட்ட வேண்டும், விண்ணப்பக் கட்டணம் அதற்கு மேல். சில கம்பெனிகள் கொடுக்கும், பல கம்பெனிகள் ஸ்பான்சர் செய்வதே பெரிது என்று கையை விரித்துவிடும். உங்கள் எச்.ஆரிடம் புரொபேஷன் முடிந்த வாரமே இதைக் கேளுங்கள். அந்த விசாவுக்கான சம்பள வரம்பும் அடிக்கடி ஏறுகிறது, அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஹெடிங்லி வீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். அது மாணவர்கள் அதிகம் இருக்கிற ஏரியா. முழுநேர மாணவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குக் கவுன்சில் டாக்ஸ் கிடையாது. வேலைக்குப் போகிற ஒருவர் உள்ளே நுழைந்ததும் பில் வந்துவிடும், மாணவர்கள் அதற்குப் பொறுப்பில்லை, அந்த ஒருவர் தலையில்தான் விழும். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி ஒப்பந்தம் போட்டு விடுகிற வீடு என்றால் அது வீட்டுக்காரர் பொறுப்பு. "எல்லாம் அடக்கம்" என்று விளம்பரத்தில் இருந்தால் போதாது, ஒப்பந்தத்தில் கவுன்சில் டாக்ஸ் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து பேர் என்பதால் அந்த வீட்டுக்கு எச்.எம்.ஓ. லைசென்ஸும் (பலர் பகிர்ந்து இருக்கும் வீட்டுக்கான அனுமதி) கட்டாயம் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று கவுன்சிலிலேயே விசாரிக்கலாம்.

சம்பளச் சீட்டையும் ஒரு தடவை பாருங்கள். டாக்ஸ் கோடு (எவ்வளவு வரி பிடிப்பது என்பதற்கான குறியீடு) 1257எல் என்று இருக்க வேண்டும். பின்னால் எம்1 என்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது எமர்ஜென்சி கோடு, கூடுதலாகப் பிடிப்பார்கள். வரித்துறை தளத்தில் உள்ளே போய் வேலை விவரத்தைச் சரிசெய்தால் அடுத்த சம்பளத்தில் திரும்பி வரும்.

இட்லி அரசன்:

நான் எதிர்க்கட்சி. தனியாக இருங்கள்.

நாட்டிங்காமில் ஷேர் வீட்டில் இருந்துவிட்டுத்தான் தனியாக வந்தேன். ஃபிரிட்ஜில் ஒரு தட்டு, ஃப்ரீசரில் ஒரு டிராயர், அதுதான் உங்கள் மொத்த ராஜ்ஜியம். அரைத்த மாவு ஒரு டப்பா, கொத்தமல்லி ஒரு கட்டு, தயிர் வாளி, இதற்கே தட்டு நிறைந்துவிடும். கடுகு வெடித்ததும் ஸ்மோக் அலாரம் கத்தும், மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, சிரித்துக்கொண்டே "நல்ல வாசனை" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சிரிப்பு என்னவென்று அடுத்த மாதம் வீட்டு வாட்ஸாப் குழுவில் "சமையல் நேரம் பற்றி" என்று ஒரு நீண்ட செய்தி வரும்போது தெரியும். யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், அதுதான் கடுப்பு. சண்டை போட்டால்கூட அன்றே முடிந்துவிடும்.

தனியாக வந்த பிறகு என் வாழ்க்கையில் நடந்த பெரிய முன்னேற்றம் இட்லி. குளிர்காலத்தில் மாவு புளிக்காது என்பார்கள். ஓவனைச் சூடாக்காமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை ராத்திரி உள்ளே வைத்துப் பாருங்கள், காலையில் பொங்கி வழியும். ஷேர் வீட்டில் இதைச் செய்தால் யாராவது பீட்சா வைக்க 220 டிகிரிக்குத் திருப்பிவிடுவார்கள். கற்பனையாகச் சொல்லவில்லை.

தனிமை பற்றி அம்மா கவலைப்படுவது நியாயம்தான், ஆனால் ஐந்து பேர் வீட்டில் ஐந்து பேரும் அவரவர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போன் போட்டிருப்பதும் தனிமைதான். ஆள் வேண்டும் என்றால் வெளியே போங்கள். சனிக்கிழமை காலை 9 மணிக்கு பார்க்ரன், ஐந்து கிலோமீட்டர், காசு கிடையாது, ஓட வேண்டும் என்றுகூட இல்லை, நடக்கலாம். லீட்ஸில் உட்ஹவுஸ் மூரில் நடக்கிறது. முடிந்ததும் கூட்டமாகக் காபி குடிக்கப் போவார்கள், கூடவே போய்விடுங்கள். ஆபீஸில் வெள்ளிக்கிழமை பப்புக்குக் கூப்பிட்டால், குடிக்காவிட்டாலும் போய் ஒரு லெமனேடோடு நில்லுங்கள். ஆளுக்கு ஒரு ரவுண்டு வாங்குகிற பழக்கம் மட்டும் கவனம், லெமனேடு குடித்துவிட்டு ஆறு பேருக்கு பீர் வாங்கித்தரும் நிலைமை வரும். முதலிலேயே "எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்" என்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நைட் ஷிப்ட்:

இட்லி அரசன் சொல்வதில் பாதி சரி. ஆனால் அவர் ஆண், பல வருடம் இங்கே இருப்பவர். டிசம்பரில் லீட்ஸில் சூரியன் வருவது எட்டேகாலுக்கு மேல், மறைவது மூணே முக்காலை ஒட்டி. இருட்டில் போய் இருட்டில் திரும்புவீர்கள். படிக்கும்போது மதியம் வெளியே வர முடிந்தது, இப்போது ஆபீஸ் ஜன்னலில் பார்ப்பதோடு சரி. வேலையில் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் யாராவது கெட்டிலைத் தட்டுகிற சத்தமாவது வீட்டில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

வைட்டமின் டி எடுத்துக்கொள்கிறீர்களா? இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் தினம் 10 மைக்ரோகிராம் என்று அரசு மருத்துவ அமைப்பான என்.எச்.எஸ். எல்லோருக்கும் சொல்கிறது, நம்மைப்போல கறுத்த தோல் உள்ளவர்கள் வருடம் முழுவதும் எடுப்பதை யோசிக்கலாம் என்றும் சொல்கிறது. சூப்பர்மார்க்கெட்டின் சொந்த பிராண்டே போதும். அப்புறம், வீடு மாறியதும் முதல் வாரத்திலேயே பக்கத்து ஜி.பி.யில் (குடும்ப டாக்டர்) பதிவு செய்துகொள்ளுங்கள், காய்ச்சல் வந்த பிறகு ஃபாரம் நிரப்ப உட்காராதீர்கள். தொண்டை வலி, சைனஸ் மாதிரி சில விஷயங்களுக்கு ஜி.பி. அப்பாயின்ட்மென்டே வேண்டாம், மருந்துக்கடை பார்மசிஸ்டே பார்த்து, தேவையென்றால் மருந்து தருவார். 2024-இல் தொடங்கிய ஏற்பாடு, நம்மவர்களில் பலருக்கு இன்னும் தெரியவில்லை.

ஹாரோ மாமி:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், சின்ன வயதிலேயே இஞ்ச வந்து லண்டன் ஹாரோவில் இருக்கிறன். மூன்றாவது வழி ஒன்று இருக்கு, ஒருத்தரும் சொல்லேல்ல. வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருக்க, ஓர் அறையை மட்டும் வாடகைக்கு எடுக்கிறது. லாட்ஜர் எண்டு சொல்லுவினம். எங்கட வீட்டிலயும் மேல் அறையில் ஆட்கள் இருந்திருக்கினம், கலியாணம் கட்டிப் போன பிறகும் பொங்கலுக்கு வருவினம். அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் மனம் ஆறும்.

ஆனால் நல்லதை மட்டும் சொல்லக் கூடாது. லாட்ஜருக்குச் சட்டப் பாதுகாப்பு குறைவு. மற்ற வாடகைக்காரருக்கு மாதிரி டெப்பாசிட்டை அரசாங்கம் அங்கீகரித்த திட்டத்தில் போட வேண்டிய கட்டாயம் அவைக்கு இல்லை, எழும்பு எண்டால் கொஞ்ச நாளில் எழும்ப வேண்டியதுதான். தமிழ்க் குடும்பம் எண்டால் இன்னும் ஒரு விஷயம் இருக்கு, பத்து மணிக்குப் பிறகு வந்தால் மாமி முழிச்சிருப்பா. நான் முழிச்சிருக்கிறனான், அதால சொல்லுறன். உங்களுக்கு அது பிடிக்குமா பிடிக்காதா எண்டு நீங்கள்தான் யோசிக்க வேணும்.

சாப்பாட்டுக்குப் பயப்படாதேங்கோ. லண்டனில் ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, டூட்டிங் எண்டு கால் வைக்கிற இடமெல்லாம் முருங்கைக்காய். லீட்ஸில் அந்த அளவு இல்லாவிட்டாலும் கர்க்கேட் மார்க்கெட் இருக்கு, மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 1884-இல் ஒரு பென்னிக் கடையாய்த் தொடங்கின அதே இடம். மீன் வரிசை நல்லது, அங்க மேக்கரல் எண்டு விக்கிறதுதான் எங்கட ஐலை மாதிரி, புளி விட்டுக் குழம்பு வைக்கத் தோது. லண்டனுக்குக் கோயிலுக்கு வாறதெண்டால் 26-30 வயதுக்காரருக்கான ரெயில்கார்டை எடுங்கோ, மூன்றில் ஒரு பங்கு குறையும். வாரநாள் காலமை பத்து மணிக்கு முதல் ஏறினால் குறைந்தபட்சக் கட்டணம் ஒண்டு இருக்கு, அதனால சனி ஞாயிறு வாங்கோ. தேர் பார்க்க எண்டால் ஈலிங் அம்மன் கோயில், கோடையில. வெள்ளைக்காரத் தெருவில தேர் இழுக்கிறதை ஒருக்கா பார்க்க வேணும்.

மலைக்கோட்டை:

எல்லோருக்கும் நன்றி. ஹாரோ மாமி, நீங்கள் முழித்திருப்பதாகச் சொன்னதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், "இந்த வீடு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

வார இறுதியில் இரண்டையும் போய்ப் பார்த்தேன். ஹெடிங்லி வீட்டில் தெர்மோஸ்டாட்டைச் சுற்றிப் பூட்டுப் போட்ட பிளாஸ்டிக் பெட்டி. காட்டிய பையன், "நாங்கள் கேட்டால் கூட்டி வைப்பார்" என்றான், சொல்லும்போது இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தான். ஆர்ம்லி ஃபிளாட் பார்க்க அழகு, ஆனால் ராத்திரி கரண்டில் சூடேறும் ஸ்டோரேஜ் ஹீட்டர், சான்றிதழ் ஈ, அலமாரிக்குப் பின்னால் புறங்கை வைத்த இடம் நைட் ஷிப்ட் அக்கா சொன்ன மாதிரியே இருந்தது. ஏஜென்ட் நான் சுவரைத் தடவுவதை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இதற்கிடையில் ஆபீஸில் ஒருவர் சொல்லி மூன்றாவதாக ஒரு வீடு வந்திருக்கிறது. மீன்வுட் பக்கம், மூன்று பெட்ரூம், மூன்றும் பெண்கள், ஒருவர் வெளியேறுகிறார். ஒருத்தி ஆசிரியை, இன்னொருத்தி பி.எச்டி. மாணவி. கேஸ் பாய்லர், சான்றிதழ் டி, தெர்மோஸ்டாட் ஹாலில் திறந்தபடி இருக்கிறது. என் பங்கு 540, பில் தனி. கிச்சன் பெரிது, பின்கதவைத் திறந்தால் தோட்டம், அதனால் தாளிப்புப் புகை பிரச்சினையில்லை. அந்த மாணவி கேரளத்துப் பெண், ஃபிரிட்ஜில் ஏற்கெனவே தோசை மாவு இருக்கிறது!

சிக்கல் இதுதான். மூன்று பேர் பெயரிலும் ஒரே ஒப்பந்தம். எனக்கு இங்கே கேரன்டர் (வாடகைக்கு ஜாமீன் நிற்பவர்) இல்லை என்பதால் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்கிறார் ஏஜென்ட். வெளியேறுகிற பெண்ணோ, "என் டெப்பாசிட் பங்கை நீ எனக்கு நேராக அனுப்பிவிடு, அது அப்படியே உன்னுடையதாகிவிடும்" என்கிறாள். ஒரு வருட ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டு புரொபேஷனில் வேலை போனால் என்ன செய்வது என்றும் பயம்.

கணக்குப்பிள்ளை:

கடைசிப் பயத்திலிருந்து தொடங்குகிறேன், அது பழைய சட்டத்துப் பயம். 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2026 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இங்கிலாந்தில் தனியார் வாடகையில் இனி ஒரு வருடம், ஆறு மாதம் என்று கட்டிப்போடும் ஒப்பந்தம் கிடையாது. இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். காரணம் சொல்லாமல் உங்களை எழுப்பவும் அவர்களால் முடியாது.

ஆறு மாத முன்பணமும் அதே சட்டத்தில் போயிற்று. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வாடகை என்று ஒரு காசு வாங்கக் கூடாது. கையெழுத்தான பிறகு, குடிபோவதற்கு முன், ஒரு மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. நீங்களே விரும்பிக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. ஏஜென்டுக்கு இது தெரியாமல் இருக்காது, புதிதாக வந்தவர்களிடம் கேட்டுப் பார்ப்பார்கள். போனில் வாதாட வேண்டாம், மின்னஞ்சலில் "சட்டப்படி ஒரு மாதம்தானே, உறுதி செய்யுங்கள்" என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத்தில் வந்தால் பேச்சு மாறிவிடும். கேரன்டர் கேட்பது மட்டும் இன்னும் அவர்கள் உரிமை. வேலைக் கடிதம், மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட், ஷெஃபீல்டில் இருந்த இடத்திலிருந்து வாடகை ஒழுங்காகக் கட்டினார் என்று ஒரு கடிதம், மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள், பல சமயம் அதற்கே ஒத்துக்கொள்வார்கள்.

டெப்பாசிட்டைத் தயவுசெய்து அந்தப் பெண்ணுக்கு நேராக அனுப்பாதீர்கள். அவள் நல்லவளாகவே இருக்கட்டும். பணம் போனது அவளுக்கு, திட்டத்தில் பெயர் இருப்பது அவளுடையது, அவள் அறைக் கம்பளத்தில் போட்ட கறைக்கும் பின்னால் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். புதிய ஒப்பந்தம் போட்டு, உங்கள் பங்கு ஏஜென்டிடம் போய், 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் உங்கள் பெயரோடு பதிவாக வேண்டும். மூன்று பேருக்கும் சேர்த்து டெப்பாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. உங்கள் 540-க்குக் கணக்குப் போட்டால் 623 பவுண்டு சுமார். வீட்டைப் பிடித்துவைக்கும் ஹோல்டிங் டெப்பாசிட் ஒரு வார வாடகைதான், நீங்களாகப் பின்வாங்கினால் அது போய்விடும், மனசு உறுதியான பிறகு கட்டுங்கள்.

ஒரே ஒப்பந்தம் என்பதில் கவனம் வேண்டியது உண்மை. ஒருத்தி வாடகை கட்டவில்லை என்றால் மற்ற இருவரிடமும் முழுத்தொகையைக் கேட்கலாம். ஒருவர் நோட்டீஸ் கொடுத்தாலே மொத்த ஒப்பந்தமும் முடிந்துவிடும், அதனால் யார் கிளம்புவதாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிக்கொள்வது என்று மூவரும் பேசி வையுங்கள். கவுன்சில் டாக்ஸில் பி.எச்டி. பெண் முழுநேர மாணவி என்றால் கணக்கில் வர மாட்டார். வேலைக்குப் போகிற நீங்கள் இருவர் இருப்பதால் தள்ளுபடி இல்லை, முழு பில்லும் சட்டப்படி உங்கள் இருவருடையது. அவர் ஏதாவது பங்கு தருவாரா என்பது நட்பு விஷயம். குடிபோவதற்கு முன்பே பேசுங்கள், பில் வந்த பிறகு பேசினால் அது நட்பாக இருக்காது.

இட்லி அரசன்:

ஏற்கெனவே தோசை மாவு இருக்கிற வீடா? என் கட்சியைக் கலைத்துவிட்டேன், போங்கள்.

நைட் ஷிப்ட்:

குடிபோகிற நாளில் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் கேஸ் மீட்டர், கரண்ட் மீட்டர் இரண்டையும் போட்டோ எடுத்துவிடுங்கள், தேதி தெரிகிற மாதிரி. உங்கள் அறைச் சுவர், கம்பளம், மெத்தை எல்லாவற்றையும் சேர்த்து. பாய்லர் முன்னால் தண்ணீர் அழுத்தம் காட்டும் ஒரு சின்ன முள் இருக்கும், 1-க்கும் 1.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும், கீழே போனால் ஹீட்டிங் நின்றுவிடும். ஆசிரியைக்கு எப்படித் தண்ணீர் ஏற்றுவது என்று தெரிந்திருக்கும், அன்றே காட்டச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் அது கீழே போகும். அந்தப் பக்கம் பஸ்ஸும் அடிக்கடி வரும்.

மலைக்கோட்டை:

ஏஜென்ட் பதில் போட்டுவிட்டார். "ஒரு மாதம் போதும், முன்பு சொன்னது பழைய படிவம்" என்று எழுதியிருக்கிறார். பழைய படிவமாம். வேலைக் கடிதம் கேட்டிருக்கிறார்கள், நாளை அனுப்புகிறேன். டெப்பாசிட் பற்றி அந்தப் பெண்ணிடம் சொன்னதும் கொஞ்சம் முகம் சுளித்தாள், ஆனால் ஒத்துக்கொண்டாள். கவுன்சில் டாக்ஸுக்குப் பதில் இன்டர்நெட் பில்லை முழுக்கத் தானே கட்டுவதாகக் கேரளத்துப் பெண் சொல்லிவிட்டார், எனக்கு அது சரியாகப் படுகிறது.

கடைசியாக ஒன்று. ஊரிலிருந்து அத்தை வருகிறார், மிக்ஸி கொடுத்தனுப்பட்டுமா என்று அம்மா கேட்கிறார். இங்கே ஓடுமா, இல்லை இங்கேயே வாங்கிவிடட்டுமா?

இட்லி அரசன்:

இது என் துறை. கொண்டு வரச் சொல்லுங்கள். இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், மோட்டார் அப்படியே ஓடும். பிளக் மட்டும் மாற்ற வேண்டும், ஃபியூஸ் உள்ள மூன்று முள் பிளக் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். டிராவல் அடாப்டரில் மாட்டி உளுந்து அரைக்காதீர்கள், சூடாகிவிடும். ஜாரைக் கைப்பையில் வைக்க வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள், பிளேடு இருக்கிறது, செக்யூரிட்டியில் பிடுங்கிக்கொள்வார்கள்.